மூச்சை அடக்கி, விழுங்கி, இருமி

ஏலக்காரருக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை முழுசாக எடுத்தால் சாப்பாட்டுக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு போய்விடும். பாதி எடுத்தால் குரல் தங்கும், விழுங்குவதைத்தான் புதிதாகப் படிக்கவேண்டும்.

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

அவளை யார் கேட்டார்கள்? முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒலித்தது ஒரே குரல்தான்.

டாக்டர் கெட்டிக்காரர். புற்று இருந்த பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மேலே இழுத்து நாக்கின் அடியோடு சேர்த்துத் தைத்தார். பிறகு பயிற்சி. தாடையை நெஞ்சில் பதி, மூச்சை அடக்கு, விழுங்கு, இருமு, மறுபடி விழுங்கு. நடுவில் பேசினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும்.

வேளைக்கு இருபது ஸ்பூன் மனைவி ஊட்டினாள். முதல் வாரம் அவள் பேச வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம், அவர் மூச்சை அடக்கியதும் ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு மறுநாள், நாப்பது பேர் முன்னாடி, என்னை யாரும் ஏலம் கேக்காத சரக்குன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் கொதித்தபடி விழுங்கினார். இருமி முடித்துத் திட்ட வாயெடுப்பதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டில் இடித்தது. ஸ்பூனுக்கு ஒன்றாகச் சொன்னாள் மகராசி, ஒன்றைக்கூட மறக்கவில்லை. மகள் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சண்டை போட்டுத் துரத்திய மகள். அன்றிலிருந்து தினமும் அவர் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

விழுங்குவதைத் திரையில் பார்க்கும் எக்ஸ்ரே பரிசோதனையில் தேறினால், உணவு செலுத்தும் மூக்குக் குழாயை எடுத்துவிடுவார்கள், தன் கையால் சாப்பிடலாம். அதற்கப்புறம் இவளுக்கு இருக்கிறது கச்சேரி என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார்.

பரிசோதனை அன்று பழகிய கை என்று அவளையே ஊட்டச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர். எக்ஸ்ரேயில் தெரிவதற்கான வெள்ளைக் கரைசல் இரண்டு ஸ்பூன் சுத்தமாக இறங்கியது. மூன்றாவதற்கு அவர் மூச்சை அடக்கியதும் அவள் காதருகே குனிந்தாள்.

"மக மாசாமாசம் உங்களுக்கு லெட்டர் போட்டா. நான்தான் அடுப்புல போட்டேன்."

"என்ன எழுதியிருந்தா?" என்றார் அவர்.

திரையில் கரைசல் நேராக நுரையீரலுக்கு இறங்கியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அதையே கேட்டார். அவள் அடுத்த ஸ்பூனை நீட்டினாள். இரண்டு முறை நிமோனியா வந்தது. மிச்சக் குரல்வளையையும் எடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்.

"அப்புறம் நான் பேசிக்கிட்டே ஊட்டலாமா டாக்டர்?"

"தாராளமா ஊட்டுங்கம்மா" என்றார் டாக்டர். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று ஏலக்காரரின் தோளையும் தட்டினார்.