வளைந்த கிழங்கான்

மல்பெ துறைமுகத்தில் ஒரு மீனைக் காட்டி "இன்னைக்கு வந்தது" என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கு வந்தது படகா, மீனா? பெரிய விசைப்படகுகள் கடலில் பத்து நாள் தங்கும். முதல் நாள் பிடித்தது அடியில் கிடக்கும், பத்தாம் நாள் பிடித்தது மேலே கிடக்கும், நடுவில் ஐஸ். கரை சேரும்போது எல்லாமே இன்றைக்கு வந்ததுதான். விடியும் முன் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுகிற சின்னப் படகுகளின் மீன் வேறு. அந்தப் படகுகளின் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியே என் காலம் போனதால் எனக்கு இது தெரியும். என் மனைவி நளினாட்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருடமாக மீன் சந்தையில் கூடை வைத்து உட்காருகிறவள் அவள்.

அதனாலேயே அவள் ஓட்டலில் மீன் சாப்பிட்டது கிடையாது. வெளியே போகும் நாட்களில் நான் அயிலை வறுவல் சொல்வேன், அவள் பூரி சொல்வாள். காரணம் எளியது. காலையில் வீட்டுக்காரர்கள் வந்து நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். மதியம் தாண்டி, செவுளில் சிவப்பு போய்ப் பழுப்பு ஏறி, கூடையின் அடியில் கிடப்பதை மொத்தமாக அள்ள ஓட்டல்காரர்கள் வருவார்கள்.

"நான் கழிச்சுப் போட்டதுக்கு அவன் மசாலா தடவிக் குடுப்பான். அதை நானே வாங்கித் திங்கணுமா?" என்பாள்.

இப்படிப்பட்டவளின் மகள்தான் மீன் சாப்பாட்டு ஓட்டல் திறந்தாள்.

ரூபகலாவின் ஓட்டலில் ஒன்பது மேசைகள். அதை அவள் நடத்தும் முறை எனக்குப் பிடிக்கும். சின்னப் படகுகள் வந்த பிறகுதான் அன்றைய பலகையை எழுதுவாள். மசாலா தடவிய மீன்களை ஒரு தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டு வருவாள், எது வேண்டுமோ அதை விரலால் தொட்டுக் காட்டலாம். அம்மாவின் கூடையிலிருந்து அவள் ஒரு மத்திகூட எடுப்பதில்லை. நல்லதையெல்லாம் மகளுக்கு ஒதுக்கிவிட்டாள் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிடக் கூடாது என்பது இருவரும் பேசிவைத்த ஏற்பாடு. படகுத்துறை ஏலத்தில் தானே நின்று எடுப்பாள். மிஞ்சியது ஐஸ் பெட்டிக்குப் போகும். அந்த வெள்ளைப் பெட்டிதான் நளினாட்சியின் கண்ணில் உறுத்தியது. அந்தப் பெட்டி இருக்கும்வரை எந்த மீனுக்கும் தேதி கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நான்கு மாதத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மணிப்பாலிலிருந்து காரில் வந்தார்கள், வங்கிக்காரர்கள் வந்தார்கள். ஆனால் எதிரே இருக்கும் சந்தையிலிருந்து ஒரு பெண்ணும் வரவில்லை. எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேட்ட வெளியூர்க்காரரிடம், "அவங்க அம்மாவே அங்க கை நனைக்கலையே" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அது ரூபகலாவின் காதுக்கு வந்தது.

"ஊர் பூரா வந்து சாப்பிட்டாலும் எனக்குப் பத்தாதுப்பா. அம்மா ஒரு நாள் உக்காந்து ஒரு மீனை முழுசா சாப்பிடணும். முள்ளை மட்டும் தட்டுல வெச்சுட்டு எந்திரிக்கணும்" என்றாள் என்னிடம். அழவில்லை. என் மகள் அழுகிற ரகம் இல்லை.

வழி பிறந்தது மும்பையிலிருந்து. நளினாட்சியின் தங்கை ஜலஜா இரண்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தாள். வந்த அன்றே, ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ரூபகலாவின் ஓட்டலில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தங்கை கேட்டு நளினாட்சி எதையும் மறுத்ததில்லை. வருகிறேன், ஆனால் நீர் தோசையும் தேங்காய்ச் சட்னியும்தான் சாப்பிடுவேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அந்த ஞாயிறு ரூபகலா ஒன்பது மணிக்கே துறையில் நின்றாளாம். அன்று தாமதமாக, பதினோரு மணிக்குத்தான் சின்னப் படகு ஒன்று கொஞ்சம் கிழங்கானோடு வந்தது. பெட்டியில் கொட்டும்போது சிலவற்றின் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கிழங்கான் என்றால் எங்கள் பக்கத்தில் விருந்து மீன். ஒல்லியாக, நீளமாக, வெள்ளைச் சதையோடு இருக்கும். ரவை புரட்டிக் கல்லில் போட்டால் அதற்கு ஈடு கிடையாது. கடைசி மீனையும் அவளே ஏலத்தில் எடுத்து, நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

நாங்கள் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். புகைபோக்கி விசிறி ஏதோ சத்தம் போடுகிறதே என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். விசிறி நன்றாகத்தான் இருந்தது. கல்தான் சரியில்லை, அல்லது சமையல்காரர் கொரகப்பர் அப்படி நினைத்தார். அவர் கிழங்கானைக் கல்லில் வைத்த சில நொடிகளில் அது தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு வில்லாக வளைந்தது. வயிறு மட்டும் கல்லில் பட்டுக் கரிந்தது, இரண்டு முனையும் பச்சையாக நின்றன, ரவை உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. கரண்டியால் அழுத்தினார், மீன் பிளந்தது.

"இருபது வருஷமா மீன் வறுக்கிறேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. மீன்ல ஏதோ கோளாறு மாராயா" என்றார் என்னிடம்.

அவர் வேலை பார்த்ததெல்லாம் பெரிய ஓட்டல்களில். அங்கே கல்லுக்கு வருவது ஐஸில் இரண்டு நாளாவது படுத்த மீன். இங்கே வந்த பிறகும் மசாலாவில் ஊறிக் கல்லுக்கு வருவதற்குள் மணிக்கணக்காகிவிடும்; செவுள் அசைய அசைய வந்த மீன் அவர் கைக்குக் கிடைத்தது இதுவே முதல் தடவை. மீன் செத்த சில மணி நேரத்தில் அதன் உடம்பு விறைக்கும். அந்த விறைப்பு இருக்கும்போது சூடு பட்டால் சதை வெடுக்கென்று சுருங்கும், தோல் இன்னும் வேகமாகச் சுருங்கும், மீன் வளைந்துவிடும். ஐஸில் ஒரு இரவு கிடந்தால் விறைப்பு தளர்ந்துவிடும், பிறகு அது பாய் விரித்ததுபோல் கல்லில் படுத்துக்கொள்ளும். படகிலேயே மீன் வறுத்துத் தின்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அங்கே வளையாத மீனே கிடையாது.

நான் வாய் திறப்பதற்குள் ரூபகலா முடிவெடுத்துவிட்டாள். வளைந்தவற்றை ஒரு தட்டில் ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பெட்டியிலிருந்து நேற்றைய கிழங்கான் நான்கை எடுத்தாள்.

"வளைஞ்சதையே குடும்மா" என்றேன்.

"அம்மா முதல் தடவையா வந்து உக்காந்திருக்கா. கரிஞ்சு கோணினதையா வைக்கச் சொல்றே?"

அவள் ஓட்டல், அவள் அடுப்பு. நான் மேசைக்குத் திரும்பினேன்.

வந்த மீன்கள் பார்க்க அழகு. பொன் நிறம், அளவுகோல்போல் நேர். ஜலஜா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நளினாட்சி தன் நீர் தோசையை நிறுத்திவிட்டு, முன்னால் வைத்த மீனின் முதுகுச் சதையை நகத்தால் விலக்கினாள். நடுமுள்ளை ஒட்டிய சதையைப் பார்த்தாள். அன்றைய மீனில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும், நாளாக ஆக அங்கே சிவப்பு கசியும்.

"நேத்து மத்தியானம்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை, கூடைமுன் உட்கார்ந்து சொல்லும் அதே குரல். தட்டை நகர்த்திவிட்டுச் சட்னியை இழுத்துக்கொண்டாள்.

ரூபகலா மேசைப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை.

"ஆமாம்மா, நேத்தையதுதான். இன்னைக்கு எடுத்தது எல்லாம் கல்லுல போட்டதும் கோணிப் போச்சு."

நளினாட்சியின் கை நின்றது.

"கோணிப் போச்சா?"

"தலையையும் வாலையும் தூக்கிக்கிட்டு. ரவைகூட ஒட்டலை."

"எங்க இருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல், சட்னிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவள் சமையலறைக்குள் போனாள். ரூபகலா பின்னால் ஓடினாள், நானும் போனேன். ஒதுக்கிவைத்த தட்டில் ஆறு கிழங்கான்கள் ஆறு திசையில் வளைந்து கிடந்தன. நளினாட்சி ஒன்றை எடுத்து, கரிந்த இடத்தைத் தட்டிவிட்டு, வெந்த பாகத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். நின்றபடியே மென்றாள். கொரகப்பர் தலை குனிந்துகொண்டார்.

"அடி முட்டாளே, இதைப் போயா ஒளிச்சு வெச்சே?" என்றாள் மகளிடம். "எவன் வேணும்னாலும் மசாலா தடவலாம், நிறம் கொண்டு வரலாம். எவனாலயும் மீனை வளைக்க முடியாதுடி."

பிறகு கொரகப்பரிடம், ஒவ்வொரு முனையையும் கல்லில் தனித்தனியாகக் காட்டிக் காட்டி வேகவைக்கச் சொன்னாள். மூடி போட்டு, எண்ணெய் சுற்றி விட்டு, அவர் அப்படியே செய்தார். தட்டு மேசைக்கு வந்தது. ஒரு மீனும் தட்டில் ஒழுங்காக உட்காரவில்லை.

நளினாட்சி மூன்று சாப்பிட்டாள். நீர் தோசையால் மசாலாவை வழித்தாள், புனர்ப்புளிப் பழச்சாறு இரண்டாவது தம்ளர் கேட்டாள். கடைசியில் அவள் தட்டில் சீப்பு சீப்பாக முள் மட்டும் இருந்தது. ரூபகலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நான் முழுங்கினது?" என்று ஜலஜா கேட்டாள்.

"மும்பைக்காரிக்கு நேத்தையதே ரொம்பப் புதுசு. பேசாம சாப்பிடு."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்து, அந்த வளைந்த மீன் தங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு பாக்கி இருக்கிறது என்று ரூபகலா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சந்தையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். பலகையைப் பார்க்கவே இல்லை. "நளினாட்சியக்கா சாப்பிட்டதைக் கொண்டா" என்றார்கள். அந்த வார இறுதிக்குள் அவர்களுக்கென்று ஒரு மேசையே ஆகிவிட்டது.

இப்போது ரூபகலா அன்றைய மீனைக் கொஞ்ச நேரம் ஐஸில் வைத்து, இரண்டு பக்கமும் தோலில் ஆழமில்லாமல் இரண்டு கீறல் போடுகிறாள். தோல் சுருங்க இடம் கிடைத்துவிடுவதால் மீன் கல்லில் கிட்டத்தட்ட நேராகவே படுத்துக்கொள்கிறது, ரவையும் ஒட்டுகிறது. கொரகப்பருக்கு அதில் பெரிய நிம்மதி. ஆனால் ஞாயிறு மதியம் நளினாட்சி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவாள்.

"என்னோடதுல கத்தி வைக்காதே."

அவளுக்கு மட்டும் ஒன்று தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு வரும். அதை உள்ளங்கையால் அழுத்தி, நேராக்கிக்கொண்டு சாப்பிடத் தொடங்குவாள்.