லெட்டூஸ் அழுகியதற்கு யார் பொறுப்பு

அறுபத்தெட்டாம் வருஷம், காரைக்குடிக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையில் புது இயந்திரங்களைப் பூட்டுவதற்காக சுவிட்சர்லாந்திலிருந்து ஓர் என்ஜினியர் மனைவியோடு வந்து ஆறு வாரம் தங்கினார். ஆலையின் விருந்தினர் விடுதியில் சமையல்காரர் மீரான் சாகிபு. பினாங்கில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலில் பதினான்கு வருஷம் அடுப்படியில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர்.

என்ஜினியரின் மனைவிக்கு இரண்டு வேளையும் பச்சையாக லெட்டூஸ் கீரை வேண்டும். காரைக்குடிச் சந்தையில் அதைக் கேட்டால் முட்டைக்கோஸை எடுத்து நீட்டுவார்கள். கொடைக்கானலிலிருந்து மதுரை வழியாகத் திங்கட்கிழமைதோறும் பஸ்ஸில் ஒரு கூடை வர ஏற்பாடு செய்தார்கள். அடுத்த திங்கள் வரை அதை வாடாமல் காப்பாற்ற வேண்டும்.

முதல் கூடை வந்ததும் மீரான் சாகிபு நசுங்கிய வெளி இலைகளை மட்டும் கிள்ளி எறிந்தார். மற்றதைக் கழுவவில்லை. துவைத்துக் காயவைத்த மல் துணியில் ஒவ்வொன்றையும் தளர்வாகச் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டு இழுப்பறையில் அடுக்கினார். அதில் கிடந்த ஆப்பிள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பழம் பக்கத்தில் இருந்தால் இலையில் பழுப்புப் புள்ளி விழும் என்று பினாங்கிலேயே பார்த்திருந்தார். பிறகு தொழுகைக்குப் போனார்.

அவர் போன நேரத்தில் விடுதி மேனேஜர் ஞானசம்பந்தம் உள்ளே வந்தார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அழகி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இழுப்பறையைத் திறந்தவர் முகம் சுளித்தார். துணிகளை உருவி எறிந்தார். லெட்டூஸ் அத்தனையையும் குழாயடியில் வைத்து அலசி, சொட்டச் சொட்ட ஒரு தட்டில் குவித்து, பிரிட்ஜின் உச்சியில் இருந்த ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்து மூடினார்.

மறுநாள் மத்தியானம் என்ஜினியரோடு சாப்பிட ஆலை முதலாளி மெய்யநாதனும் வந்திருந்தார். மீரான் சாகிபு பிரிட்ஜைத் திறந்தார். தட்டில் இருந்தவை கண்ணாடி மாதிரி விறைத்துக் கிடந்தன. வெளியே எடுத்த அரை மணியில் கூழாகித் தண்ணீர் விட்டன.

யார் இதைத் தொட்டது என்று மீரான் சாகிபு போட்ட சத்தம் கேட்டு முதலாளி அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே வந்த ஞானசம்பந்தம் முந்திக்கொண்டார்.

"மண்ணோட அப்படியே கந்தல் துணியில சுத்தி வச்சிருந்தான் சார். பிரிட்ஜையே பாத்திருக்க மாட்டான் போல. சுத்தம்னா என்னன்னு தெரியல."

மீரான் சாகிபுக்குக் காது மடல் சுட்டது. அந்த மனிதரைவிட அவருக்குப் பத்து வயது மூப்பு.

"அது கந்தல் இல்ல மொதலாளி, வெளுத்த துணி. ஈரத்தோட ஐஸுக்கு அடியில வச்சா எல உறைஞ்சுதான் போகும். நான் அப்படி வைக்கல."

"பாய் கீழதான் வச்சிட்டுப் போனாக," என்றாள் அழகி. "மேனேசருதான் கழுவி மேல வச்சாக. நான் பாத்தேன்."

"நீ பாத்திரம் கழுவ வந்தவ, அந்த வேலையப் பாரு," என்றார் ஞானசம்பந்தம்.

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளி காத்திருக்கிறார் என்று போய்விட்டார். சாயங்காலம் ஒரு மெமோ வந்தது. சமையல்காரரின் அறியாமையாலும் அசுத்தத்தாலும் பொருள் வீணானது என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

மீரான் சாகிபு போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"சின்ன விஷயம் சாகிபு. போட்டுட்டுப் போங்க," என்றார் மெய்யநாதன்.

"உங்களுக்குச் சின்ன விஷயம் மொதலாளி. எனக்கு இதுதான் தொழிலு. நாளைக்கு வேற எடத்துல வேல கேட்டா இந்தத் தாளுதான் பேசும். திங்கக்கெழம அடுத்த கூடை வரும். பாதிய மேனேசரு சொல்ற மாதிரி வையிங்க, பாதிய நான் வைக்கிறேன். வியாழக்கெழம நீங்களே தெறந்து பாருங்க. என் பாதி கெட்டுப் போச்சுன்னா கையெழுத்துப் போட்டுட்டு அப்பவே வீட்டுக்குப் போயிர்றேன்."

நூலின் முறுக்கை நாள் முழுதும் சோதித்துப் பார்க்கிற முதலாளிக்கு இந்தச் சோதனையை மறுக்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் என்ஜினியரின் மனைவி வெள்ளரிக்காயோடு சமாளித்தாள். திங்கட்கிழமை கூடை வந்தது. இருவரும் அவரவர் முறைப்படி வைத்தார்கள். நடுவில் பிரிட்ஜை யாரும் திறக்கக் கூடாது என்று முதலாளி கதவில் ஒரு தாளை ஒட்டி, தன் கையெழுத்தையும் போட்டார். மூன்று நாளும் மீரான் சாகிபு அந்தப் பக்கமே போகவில்லை. புளிக்குழம்பில் உப்புப் போட மறந்தார்.

வியாழக்கிழமை முதலாளியே தாளைக் கிழித்துக் கதவைத் திறந்தார். மேலே தட்டில் இருந்தது தொட்டதும் விரலில் ஒட்டியது. அழகி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இழுப்பறையிலிருந்து எடுத்த துணியைப் பிரித்து, ஓர் இலையைப் பிய்த்தார் மெய்யநாதன். மொறுக்கென்று முறிந்தது. வாயில் போட்டு மென்றார்.

"ரெண்டு தடவ கரண்டு போச்சு சார், அதான்," என்றார் ஞானசம்பந்தம்.

"ரெண்டுக்கும் ஒரே பிரிட்ஜுதானய்யா," என்று முதலாளி சிரித்தார். "சரி சாகிபு, நீங்க செயிச்சீக. அந்த மெமோவைக் கிழிச்சுப் போட்ருங்க."

அந்தச் சிரிப்புதான் மீரான் சாகிபுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிக்கிற விஷயமில்ல மொதலாளி. நான் கிழிச்சா என் தாளுதான் போகும். நகல் ஆபீசு பைல்ல இருக்கு. என் மேல தப்பு இல்லன்னு அதே மாதிரி அடிச்சு, அதே பைல்ல வைக்கணும்."

மெய்யநாதனுக்கு முகம் சுருங்கியது. ஒரு சமையல்காரர் தன்னிடம் இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. ஆனால் இலையின் துணுக்கு இன்னும் அவர் பல்லிடுக்கில் இருந்தது. ஞானசம்பந்தத்தைத் திரும்பிப் பார்த்து, "அடிச்சுக் கொண்டாங்க," என்றார்.

மூன்று வரி. மேனேஜரே தட்டச்சு செய்தார். முதலாளி கையெழுத்துப் போட்டார். மீரான் சாகிபு இரண்டு முறை படித்துவிட்டு ஒரு பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞானசம்பந்தம் தவறென்று ஒப்புக்கொள்ளாமலே தன் அறைக்குப் போனார்.

அடுப்படி காலியானதும் அழகி கேட்டாள்:

"இப்பவாச்சும் கோவம் தணிஞ்சுச்சா பாய்?"

"இல்ல," என்றார் அவர். "நான் சொன்னேன், நம்பல. கண்ணால பாத்த நீ சொன்ன, உன்னையும் நம்பல. ஒரு கீர மூணு நா கெடந்து சொல்ல வேண்டியிருந்துச்சு."

அழகி தேங்காய் நாரை எடுத்து அந்த அழுகல் தட்டின் பிசுக்கைத் தேய்க்க ஆரம்பித்தாள். மீரான் சாகிபு அவள் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ எதுக்குக் கழுவுற. அவுக வச்சது. அவுக வந்து கழுவட்டும்."

தட்டு சனிக்கிழமை வரை அங்கேயே கிடந்தது. சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். "நான் தொடல பாய்," என்றாள் அழகி.