படுக்கையறை என்று எழுதினேன்

எங்கள் ஊரில் ஜன்னல்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாறும். ஜன்னல் மாற்ற அனுமதி கொடுக்கும் நகரசபையின் கட்டடப் பிரிவு சனி, ஞாயிறு பூட்டியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு கார் ஷெட்டுக்குள் ஒரு வேன் சத்தமில்லாமல் பின்பக்கமாக நுழையும். மறுநாள் நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் பழைய மரச்சட்டம் காணாமல் போய், அந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் உட்கார்ந்திருக்கும். திங்கட்கிழமை கேட்டால், "இதுவா? இது எப்பவும் இருந்ததுதானே" என்பார்கள். கேட்பதற்கும் ஆள் இல்லை. கேட்க வேண்டியவர் வீட்டிலும் அதே கதைதான்.

நான் ஒருத்திதான் முறையாக அனுமதி கேட்டேன். என் பெயர் வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரே பார்வையில் அடக்கியவள். ஓஹையோவின் ஏரிக் கரைப் பனியில் பேருந்து ஓட்டியவளுக்கு நகரசபைக் கவுன்டரைப் பார்த்து பயம் வருமா?

ஜன்னல் என் புருஷன் ரூடிக்காக. இந்தத் தெருக்களில் வேலைக் காலம் முழுக்கத் தபால் கொடுத்து நடந்தவர் அவர். போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து இடது பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று நாளுக்கு நாள் யோசிக்கிறேன். மாடி ஏற முடியாது. வரவேற்பறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், சக்கர நாற்காலி போகாது. ஆகவே தெருப் பக்கம் இருக்கும் சாப்பாட்டு அறையில் மேஜையைத் தூக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டோம்.

அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அந்தக் காலத்து வீடுகளில் பாத்திர அலமாரிக்கு மேலே வைப்பார்களே, அகலமாக, குட்டையாக, உயரத்தில், அதுதான். அது பெயின்ட் ஒட்டிப் போய் திறக்கவே திறக்காது. கட்டிலில் படுத்தால் எதிர்வீட்டுப் புகைபோக்கியும் கொஞ்சம் வானமும் தெரியும். ஊர் முழுக்க நடந்த மனிதர் அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"வெர்னா, அந்தப் புகைபோக்கில மூணாவது செங்கல் கோணலா இருக்கு, கவனிச்சியா?" என்றார் ஒருநாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கீழே இறக்கி, பெரிதாக, திறக்கிற ஜன்னல். தெருவை அவர் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு கஸ் ஜன்னல் போடுகிறவன். கிரேக்கன், குரல் தெருமுனை வரை கேட்கும். இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களில் பாதி அவன் கைவேலை.

"எதுக்கு வெர்னா ஆபீசு கீபீசுன்னு? ஞாயித்துக்கிழமை வரேன். உன் ஆளு மத்தியான சூப் குடிக்கிறதுக்குள்ள முடிச்சுடறேன்."

"வேணாம். என் வீட்டு வேலையைத் திருட்டு வேலை மாதிரி செய்ய மாட்டேன்."

"சரி தாயே. அப்போ ஃபாரத்துல சாப்பாட்டு ரூம்னு போடு. பெட்ரூம்னு மட்டும் எழுதிடாத. எழுதினே, செத்தே."

"அங்க யாரு சாப்பிடறா? அவர்தான் படுத்திருக்காரு."

"ரூடிக்கு நான் சொல்லிக்கறேன், நீ எழுதாத!"

நான் படுக்கையறை என்றுதான் எழுதினேன். என் புருஷன் தூங்கும் அறையை வேறு பெயரில் எழுதி, அவர் அங்கே இல்லாத மாதிரி காட்ட எனக்கு மனசு வரவில்லை.

கவுன்டரில் மார்வெட்டா இருந்தாள். பாதி ஆயுளை அந்த வேலையிலேயே கழித்தவள், முகத்தில் சிரிப்பு வராது, ஆனால் மேஜையில் மிட்டாய்க் கிண்ணம் இருக்கும். அவள் ஃபாரத்தைப் படித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணு, பெட்ரூம்னா சட்டம் வேற. தீப்பிடிச்சா ஆளு அந்த ஜன்னல் வழியா வெளிய வரணும். வர முடியாட்டி ஃபயர் சர்வீஸ்காரர் முதுகுல காத்து சிலிண்டரோட உள்ள ஏறி வரணும். இப்ப இருக்கிற ஜன்னல்ல பூனைகூட ஏறாது."

"அதனாலதானே பெருசாக் கேக்கறேன்?"

"பெருசு பண்ணலாம். வெளிய அதை மறைச்சு எதுவும் இருக்கக் கூடாது, ஏசி மிஷின், வேலி, எதுவுமே. அது என் பக்கம். ஆனா தெருப் பக்க ஜன்னலோட அளவு மாறினா, தெருவோட அழகைப் பார்த்துக்கிற தோற்றக் குழு விசாரிக்கணும். அது அவங்க பக்கம்."

"நீங்க பெருசு பண்ணுங்கறீங்க, அவங்க பண்ணாதங்கறாங்களா?"

"மிட்டாய் எடுத்துக்கோ கண்ணு" என்றாள் மார்வெட்டா.

விசாரணைக்கு முன்பு வீட்டு வாசல் புல்வெளியில் மஞ்சள் போர்டு நட வேண்டும் என்பது விதி. நட்டுவிட்டுப் போனார்கள். மேலே பெரிய எழுத்தில் "அறிவிப்பு", அதற்குக் கீழே குனிந்து படித்தால்தான் தெரிகிற எழுத்தில் ஜன்னல் விவரம். யார் குனிவார்கள்? கட்டில் வந்த வண்டியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு ரூடியை யாரும் பார்க்கவில்லை. இப்போது புல்வெளியில் போர்டு. வீட்டை விற்கிறாள் என்றே ஊர் கணக்குப் போட்டுவிட்டது.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஐலீன் வந்தாள். கையில் ட்ரே நிறைய டூனா மீன் போட்ட நூடுல்ஸ், சூடாக, மேலே அலுமினியத் தாள் மூடி. இங்கே துக்க வீட்டுக்குத்தான் இப்படிக் கொண்டுவருவார்கள்.

"வெர்னா, எனக்கு யாருமே சொல்லலையே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "எவ்வளவு நல்ல மனுஷன். எங்க தபால் ஒருநாளும் நனைஞ்சதில்லை."

உள்ளேயிருந்து ரூடி கத்தினார்: "ஐலீன்தானே அது? நூடுல்ஸ் மேல சிப்ஸ் நொறுக்கிப் போட்டிருக்காளான்னு கேளு!"

ஐலீன் ட்ரேயோடு அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள். நாங்கள் சிரித்தோம், மூன்று பேரும் சேர்ந்தே அந்த நூடுல்ஸைச் சாப்பிட்டோம். அவள் போனதும் ரூடி கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அவ நிஜமாவே நான் போயிட்டேன்னு நினைச்சுட்டா, பாரு" என்றார். "கண்ணுல படாதவன் செத்தவன்தான் போல."

 அதுவரை ஒரு ஜன்னல் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் புருஷனை உயிரோடு இருப்பவர் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்.

தோற்றக் குழுவின் தலைவர் ட்வைட் ஹாலிஸ்டர். பல் டாக்டராக இருந்தவர். எங்கள் தெரு மூலையில் வீடு, ஒரு குட்டை நாய். அந்த நாய் ரூடியின் காலைக் கடித்து மூன்று கால்சட்டைகளைக் கிழித்திருக்கிறது.

"அவரு வீட்டு ஜன்னலே திருட்டு ஜன்னல்தான்" என்றார் ரூடி, விசாரணைக்குக் கிளம்பும்போது. "அவரு மாத்தின மறுநாள், திங்கக்கிழமை தபால் போடப் போனேன். பழைய மரச்சட்டமெல்லாம் ஷெட்டுக்குப் பின்னாடி தார்ப்பாய்க்குள்ள கிடந்துச்சு. ஓரம் வெளிய நீட்டிட்டுத் தெரிஞ்சுது."

"இதை இத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்தீங்களா? இன்னைக்கு சபையில போட்டு உடைக்கிறேன் பாருங்க!"

"உடைக்க மாட்டே." நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தபால்காரன் வாசல்ல பார்த்ததை வெளிய சொல்ல மாட்டான். யாருக்கு எந்த வக்கீல் கடிதாசு வருது, யார் வீட்டுல யார் செருப்பு கிடக்குது, எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா இந்த ஊர்ல நடந்திருக்க முடியுமா? சத்தியம் பண்ணு வெர்னா."

பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். நல்ல ஆயுதம் கையில் இருக்க, வெறுங்கையோடு சண்டைக்கு அனுப்புகிற புருஷன் எனக்கு வாய்த்தார்.

நகரசபைக் கூடத்தில் குழு ஐந்து பேர், நீள மேஜை. ஓரத்தில் மார்வெட்டா நடவடிக்கைகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். பின் வரிசையில் கஸ், ஐலீன், இன்னும் தெருக்காரர்கள். பாதிப் பேர் எனக்கு ஆதரவாக வந்தார்கள், மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை விஷயம் கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் வந்தார்கள்.

ஹாலிஸ்டர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தெருவுக்கு ஒரு முகம் இருக்குதுங்க. எல்லா வீட்டு ஜன்னலும் ஒரு வரிசையில, ஒரு அழகுல இருக்கு. அதுல ஒண்ணு மட்டும் வாயைத் திறந்த மாதிரி இருந்தா எப்படி?"

பல் டாக்டர் பேச்சு. என் நாக்கு நுனியில் தார்ப்பாய் வந்து நின்றது. சத்தியம் இழுத்துப் பிடித்தது.

"ஐயா, என் புருஷன் ரூடி உங்க எல்லாருக்கும் தபால் கொடுத்தவரு" என்றேன். "மழையிலயும் பனியிலயும். இப்ப அவரு படுத்திருக்காரு, செத்துப் போயிடல. ஆனா பாதி ஊரு அவருக்குத் துக்கம் விசாரிச்சுட்டுப் போகுது. ஏன்னா அவரு யார் கண்ணுக்கும் தெரியல. அவருக்குத் தெருவைக் காட்டணும், தெருவுக்கு அவரைக் காட்டணும். வேற எதுவும் கேக்கல."

 ஐலீன் மூக்கைச் சிந்தினாள். குழுவில் இரண்டு பேர் கீழே பார்த்தார்கள். ஹாலிஸ்டருக்கும் முகம் கொஞ்சம் இளகியது, அதையும் நான் சொல்ல வேண்டும்.

"புரியுதும்மா. நாங்க கல் நெஞ்சக்காரங்க இல்ல. ஜன்னலைப் போட்டுக்கோங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஒரே ஒரு நிபந்தனை. அதுக்கு முன்னாடி ஊசியிலைப் புதர் வரிசையா வைக்கணும், ஆள் உயரத்துக்கு. தெருவிலேருந்து பார்த்தா ஜன்னல் தெரியக் கூடாது. உங்களுக்கும் சந்தோஷம், தெருவுக்கும் சந்தோஷம்."

குழுவில் மற்றவர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். நல்ல சமரசம் என்றார் ஒருவர். கை தூக்கத் தயாரானார்கள்.

புதர்! புகைபோக்கியை எடுத்துவிட்டுப் புதரைக் கொடுக்கிறார்கள். அதில் மூன்றாவது கிளை கோணல் என்று அவர் எண்ணிக்கொண்டு கிடப்பார்.  சத்தியமாவது சர்க்கரையாவது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது மார்வெட்டாவின் பேனா சத்தம் கேட்டது. அவள் கவுன்டரில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"முடியாது" என்றேன். பேருந்தில் கத்துகிற குரல் அது, எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"எதும்மா முடியாது?"

"புதர் வைக்க முடியாது. அது சாப்பாட்டு ரூம் இல்ல. பெட்ரூம். ஃபாரத்துல நான் பெட்ரூம்னுதான் எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க. பெட்ரூம் ஜன்னல் வழியா ஃபயர் சர்வீஸ்காரர் ஏறி வரணும். வெளிய எதுவும் மறைக்கக் கூடாது. தீப்பிடிச்சா என் புருஷனால எழுந்திருக்க முடியாது. உங்க புதருக்குள்ள பூந்து அவரை யாரு தூக்குவா, நீங்களா?"

ஹாலிஸ்டர் மார்வெட்டாவைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல், "மறைக்கக் கூடாதுதான்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போனாள்.

"வேணும்னா சாப்பாட்டு ரூம்னு மாத்தி எழுதிக் கொடுத்துடுங்களேன்" என்றார் குழுவில் ஒருவர், எனக்கு உதவி செய்கிற நினைப்பில்.

"மாத்த மாட்டேன். அங்க என் புருஷன் தூங்கறாரு."

பின் வரிசையில் கஸ் கை தட்டினான். எழுதாதே என்று கெஞ்சியவனே அவன்தான். ஐந்தில் மூன்று கைகள் எனக்காக உயர்ந்தன. ஹாலிஸ்டர் கை மேஜை மேலேயே இருந்தது.

வேலைக்குச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன். பட்டப்பகலில், ரேடியோவை அலறவிட்டு, சுவரை அறுத்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக வாரநாளில் ஜன்னல் மாற்றுவதால் கஸ் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேலை செய்தான். சாயங்காலம் ஜன்னல் நின்றது. தெருவைப் பார்த்தபடி ஒட்ட வேண்டிய அனுமதி அட்டையை ஒரு மூலையில் ஒட்டினேன். ரூடிக்கு முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு, கட்டிலை நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை தெருவே வந்து போனது. ஐலீன் கண்ணாடியைத் தட்டித் தன் ட்ரேயைத் திருப்பிக் கேட்டாள். "செத்தவனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்றார் ரூடி, திறந்த ஜன்னல் வழியாக. புதிய தபால்காரப் பெண் நின்று, எந்தெந்த வீட்டு நாய் கடிக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனாள்.

பிறகு ஹாலிஸ்டர் அந்தக் குட்டை நாயோடு வந்தார். நடைபாதையில் நின்றார். அட்டையைப் படித்தார், ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார். நான் காபியோடு உள்ளே, ரூடியின் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"ரொம்பத்தான் தெரியுது ரூடி" என்றார் ஹாலிஸ்டர், உதட்டைப் பிதுக்கி. "தெருவிலேருந்து எல்லாமே தெரியுது."

ரூடி நல்ல கையை உயர்த்தி அவருக்கு வணக்கம் வைத்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மூலை வீட்டின் வெள்ளை ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்கேருந்தும் எல்லாமே தெரியுது, மிஸ்டர் ஹாலிஸ்டர்" என்றார்.

ஹாலிஸ்டர் நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ரூடி காபிக்குக் கை நீட்டினார்.