கம்பளத்துக்கு அடியில் ஒரு வயர்

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. வரைபடத்தில் அந்தக் கோடு பச்சை மையில் இருந்தது என்று நான் சொல்வேன். சிவப்பு என்பாள் என் மனைவி. அவள் தம்பியைக் கேட்டால் பென்சில் என்பான். கோடு இருந்தது என்பதில் மட்டும் மூவருக்கும் சண்டையில்லை.

எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸுக்குப் புதிய ஒலி, ஒளி ஏற்பாடுகள் செய்வதாக இருந்தார்கள். செய்ய வேண்டியதுதான். பெரிய கூடத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போலக் கேட்கும். பகலில் திரையில் படம் போட்டால் அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஆவிகள். டியூப்லைட் ஒன்று ஓயாமல் கண்ணடிக்கும். திட்டம் போடும் பொறுப்பு செயலாளருடையது. செயலாளர் என் மச்சினன், மனைவியின் தம்பி. கூடத்தை ஒட்டிய வாசிப்பறை என் பொறுப்பில் இருந்தது. அதனால் இடைச்சுவரைத் தொடும் எந்த வேலைக்கும் என் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் என்னை யார் கூப்பிட்டுக் கேட்டிருக்கப் போகிறார்கள்?

வரைபடத்தை டேபிள் டென்னிஸ் மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் பந்துமட்டைகளை வைத்திருந்தார்கள். ஒலி வேலைக்கு வந்தவரை எல்லோரும் செக்செக் என்றே கூப்பிட்டோம். கையில் மைக் இல்லாதபோதும் தொண்டையைச் செருமி, ‘செக், செக்’ என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். மேடைக்கு இரு புறமும் ஒல்லியான ஸ்பீக்கர்கள், எதிரொலியை அடக்கப் பின்சுவரில் துணி போர்த்திய பலகைகள், ஜன்னல்களுக்குத் தடித்த திரை என்று வரிசையாகக் காட்டினார். எல்லாம் புரிந்தது. நாற்காலி வரிசைகளைச் சுற்றிப் போன அந்த ஒற்றைக் கோடு மட்டும் புரியவில்லை. அது எந்த ஸ்பீக்கருக்கும் போகவில்லை, எந்த விளக்குக்கும் போகவில்லை. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது.

“இது என்ன?” என்றேன்.

“வயர், மாமா,” என்றான் மச்சினன்.

“அது தெரியுது. எங்க போகுது?”

“எங்கயும் போகல. கம்பளத்துக்கு அடியில சும்மா சுத்தி வருது.”

“சும்மா சுத்தி வர்றதுக்குத்தான் நீ இருக்கியே. வயர் வேற எதுக்கு?”

செக்செக் சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை. என்னுடைய மட்டமான நகைச்சுவைக்குக்கூட விழுந்து விழுந்து சிரிக்கிறவன் அவன்.

“டெக்னிக்கல் விஷயம், மாமா. உங்களுக்கு போரடிக்கும்,” என்று வேறு பக்கம் தாவினான். “மேடைக்கு நேரா ஒரு விளக்கு. பேசுறவங்க மூஞ்சில துளி நிழல் விழக்கூடாது.”

“பேசுறவர் என்ன, கல்யாண மாப்பிள்ளையா?”

“வாய்… முகம் நல்லாத் தெரியணும் மாமா. அவ்ளோதான்.”

‘வாய்’ என்ற சொல்லை ஏன் பாதியில் விழுங்கினான்? செக்செக்கைப் பார்த்தேன். அவர் பென்சில் முனையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சம்மதம் தராமல் வீட்டுக்கு வந்தேன். அங்கேயும் நிலைமை எனக்குச் சரியாகப் படவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால், புத்தகத்தின்மேல் ஒளி விழும்படி வைத்திருந்த நிற்கும் விளக்கை மனைவி எதிர்ப்பக்கம் நகர்த்தியிருந்தாள். இப்போது வெளிச்சம் நேராக என் முகத்தில். அவள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போலீஸ் விசாரணைக்கு வந்தவன் போல நான் பக்கத்தைப் புரட்டுவேன்.

அதிகம் பேசாமலிருப்பது என் சுபாவம். அவள் அப்படியல்ல. கிளப்ஹவுஸ் விழா எதுவானாலும் மேடையில் நின்று தொகுத்துப் பேசுகிறவள் அவள்தான். சில மாதங்களாக அதை விட்டுவிட்டாள். கேட்டால், “அலுத்துப்போச்சு,” என்பாள். வீட்டிலும் பேச்சு குறைந்தது. முதலில் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க முடியாது. பிறகுதான் உறுத்தத் தொடங்கியது. பக்கத்து அறையிலிருந்து ஏதாவது கேட்டால் பதில் வராது. முன்பெல்லாம் தம்பியோடு போனில் வாய் ஓயாமல் பேசுகிறவள், இப்போது அவனுக்குத் தட்டச்சு செய்து அனுப்பினாள். நான் அருகே போனால் போனைக் கவிழ்த்துவைத்தாள். இழுத்து வாரிக் கட்டுகிற கூந்தலைக் காதுகளின்மேல் தளர விட்டிருந்தாள். இந்த வயதில் என்ன புதுப் பாணி?

அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள். அது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

காலை நடையில் கூட வரும் பொருளாளரிடம், “அந்த வயர் எனக்குச் சரியாப் படல,” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். நான் வாய் திறப்பதே அபூர்வம் என்பதால் அந்த வார்த்தைக்குக் கனம் கூடிவிட்டது. மாலைக்குள் அது ஒட்டுக்கேட்கிற வயர் ஆகிவிட்டது. பொதுக்குழுவில் அந்த வயர் மட்டுமல்ல, மொத்தத் திட்டமுமே விழும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒத்திகைக்காக வயரைத் தரை ஓரமாக டேப் போட்டு ஒட்டியிருப்பதாக அறிந்து, சொல்லாமல் கொள்ளாமல் போனேன். நான் வாசலில் நுழையும்போது என் மனைவி கூடத்திலிருந்து வாசிப்பறைக்குள் நழுவிப் போவதைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள். இடைச்சுவரின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு பத்திரிகையோடு உட்கார்ந்தாள். பத்திரிகை தலைகீழாக இருந்தது.

“ஸ்பீக்கரெல்லாம் ஆஃப்ங்க. வயர் மட்டும்தான் டெஸ்ட்,” என்றார் செக்செக், நான் கேட்காமலேயே. பிறகு மைக்கை வாயருகே வைத்துத் தாழ்ந்த குரலில், “செக், செக். செயலாளர் மண்டையில முடி செக், செக். ஸ்டாக் இல்ல,” என்றார்.

கண்ணாடிக்கு அப்பால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அந்த அறையின் கதவைச் சாத்தினால் கூடத்துச் சத்தம் ஒரு துளியும் உள்ளே வராது. அதற்காகவே அந்த அறையைப் பிடித்து வைத்திருந்தவன் நான். ஸ்பீக்கரும் ஓடவில்லை. இவள் எப்படிக் கேட்டாள்?

செக்செக் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். “உன் தம்பி என்னை ஏமாத்துறான். நீயும் அதுல கூட்டு.”

திரும்பினேன். பத்திரிகை மடியில் கிடந்தது. அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளே எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“ஆமாங்க. கூட்டுதான்,” என்று கூந்தலை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் அவரைவிதை அளவில் ஒரு காது மெஷின். மற்றக் காதிலும் ஒன்று.

மச்சினன் தரையைப் பார்த்தான். “அக்கா சத்தியம் வாங்கிடுச்சு, மாமா. மைக்ல பேசுறது இந்த வயரைச் சுத்திக் காந்த அலையா வந்து, நேரா மெஷினுக்குள்ள போயிடும். இரைச்சல் இருக்காது. இந்த வயர் இருந்தா மறுபடி மேடை ஏறுவேன்னு சொல்லுச்சு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று அவளைக் கேட்டேன்.

“எனக்கு எதுவும் சரியாக் கேக்காம பேச்சைக் குறைச்சப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ‘இப்பதான் வீடு வீடா இருக்கு’ன்னீங்க. பாருங்க, அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு.”

விளக்கை ஏன் என் முகத்துக்குத் திருப்பினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் எப்போதாவது பேசினால் வாயசைவைப் பார்ப்பதற்கு.

செக்செக்குக்கு வேறு கவலை. “சுவரைத் தாண்டிக் கேக்குதுங்க. அது தப்பு. அந்த ரூம்ல மெஷின் போட்டு யார் உக்காந்தாலும் கூட்டத்துல பேசுறது பூரா போயிடும். வயரை உள்ள தள்ளிப் போடணும்.”

“அப்ப ஒட்டுக்கேக்குற வயர்னு சொன்னது சரிதானே?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“பொதுக்குழுவுல விளக்கம் கேப்பாங்க, மாமா. உங்க புண்ணியம். அக்கா பேரைச் சொல்லாம எப்படிச் சமாளிக்கிறது?”

“சொல்ல வேணாம்,” என்றாள் அவள் சட்டென்று. “இப்ப வேணாம். பாவம்னு பாப்பாங்க. மேடையில நின்னு பேசிக் காட்டிட்டு நானே சொல்லிக்கறேன். அதுக்கு முன்னாடி தெரிஞ்சா நான் மேடை ஏறவே மாட்டேன்.”

பொதுக்குழுவில் பொருளாளர் எழுந்து, அந்த வயர் யாருக்கு என்று தெரியாமல் திட்டத்தை ஏற்க முடியாது என்றார். பலர் தலையாட்டினார்கள். முன்வரிசையில் மனைவியின் கை கூந்தலை நோக்கிப் போனது. நான் எழுந்தேன். கூட்டம் அடங்கியது. நான் அதுவரை அங்கே எழுந்து நின்றதேயில்லை.

“எனக்குத்தான்,” என்றேன். “எனக்குக் காது மந்தம்.”

பொருளாளர் தொடையில் தட்டினார். “அதானே! எத்தனை தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு! நாங்க திமிர்னு இல்ல நெனச்சோம்!”

கூடமே ஆமாம் ஆமாம் என்றது. இத்தனை பேர் இவ்வளவு காலம் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று அப்போது பிடிபட்டது. திட்டம் நிறைவேறியது.

செக்செக் வயரைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார். பிறகு பெரிய அரங்குகளின் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். மச்சினன் அடுத்த தேர்தலில் தோற்றான். இப்போது டேபிள் டென்னிஸ் ஆடுகிறான். என் மனைவி மேடைக்குத் திரும்பினாள். முதல் விழாவிலேயே, காது கேட்காதது தனக்குத்தான் என்று மைக்கில் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாளர் இன்றும் காலை நடையில் என் காதருகே வந்து கத்துகிறார். வீட்டில் விளக்கு அதே இடத்தில், என் முகத்துக்கு நேராக இருக்கிறது. நான் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசுகிறேன்.