சுடலைமுத்துவின் மனைவி

விடாமல் அடித்த ஹோர்ன் சத்தத்தில் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தத் தொடங்கின. மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்த ராக்காயி மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். மாட்டுவண்டியே தயங்கித் தயங்கி வருகிற அந்தப் பாதையில் பொலிஸ் ஜீப் ஒன்று குதித்துக் குதித்து வந்து, அவளுடைய வேலியில் முட்டாத குறையாக நின்றது.

வவுனியாவில் பூவரசங்குளத்துக்கு அப்பால் காட்டை வெட்டி உண்டாக்கிய குடியேற்றம் அது. எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடிவந்த முப்பது குடும்பங்கள் அங்கே இருந்தன. இப்போது எண்பத்திரண்டாம் ஆண்டு. இந்த ஐந்து வருடத்தில் பொலிஸ் அங்கே வந்ததெல்லாம் ஒரே ஒரு வேலைக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு, விசா முடிந்த பிறகும் போகாமல் இருப்பவர்களைப் பிடித்துத் தலைமன்னாரில் கப்பலேற்றுவார்கள்.

ஜீப்பிலிருந்து இரண்டு பொலிஸ்காரர்கள் இறங்கினார்கள். ஒருவன் கையிலிருந்த கடதாசியைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தான்.

"வடி... வம்மா."

ராக்காயி மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினாள். வடிவம்மா அவளுடைய தங்கச்சி.

இருவரும் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே தொழிலாளர் லயத்தில், ஒரே அறையில் பிறந்தவர்கள். இந்த நாட்டைத் தவிர வேறு நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. இலங்கையா இந்தியாவா என்று பிரஜாவுரிமைக்கு எழுதிப்போடும் காலம் வந்தபோது ராக்காயியின் புருசன் சுடலைமுத்து இலங்கைக்கு எழுதினான். வடிவம்மாவின் புருசன் சங்கிலி இந்தியாவுக்கு எழுதினான். பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி ஒரே அடுப்பில் சோறு தின்று வளர்ந்த இரண்டு பேர் இரண்டு தேசத்துக்காரிகள் ஆனார்கள்.

சங்கிலி, முதலில் தான் போய் வீடுவாசல் பார்ப்பதாகச் சொல்லிக் கப்பலேறினான். ஏழு வருடமாக ஒரு கடிதம் இல்லை. சுடலைமுத்து மரம் விழுந்து செத்துப்போனான். கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது வடிவம்மாவின் பாஸ்போர்ட் எரிந்தது. ராக்காயி மட்டும் பிரஜாவுரிமைப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அதில் சுடலைமுத்துவின் படம் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, 'மனைவி ராக்காயி' என்று எழுத்தில் மட்டும் இருந்தது.

வடிவம்மா அப்போது வீட்டில் இல்லை. விடியவே கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தங்கராசா வீட்டுக்குச் சமைக்கப் போயிருந்தாள். மனேச்சர் தனிக்கட்டை. ஒரு மைலுக்கு அப்பால், தார் ரோட்டுப் பக்கம், ஓடு போட்ட வீடு.

ராக்காயி ஒரு நிமிசம்தான் யோசித்தாள். தன்னைக் கொண்டுபோனால் என்ன செய்துவிடுவார்கள்? பத்திரத்தைக் காட்டினால் பின்னேரம் விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியில் தங்கச்சி பஸ்ஸேறி முல்லைத்தீவுப் பக்கம் போய்விடலாம். கொக்கிளாயில் மீன் காயப்போடும் வாடியில் அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது.

பொலிஸ்காரன் அவளைப் பார்த்துக் கடதாசியைத் தட்டினான். அவள் தலையை ஆட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அன்னபாக்கியத்துக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அவள் வன்னிப் பெண், பக்கத்துக் காணிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பொலிஸ்காரன் அவளிடமும் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, கண்ணிமைக்காமல், "ஓம், ஓம், இவாதான் வடிவம்மா" என்றாள்.

மண்வெட்டியைக் கொடுக்கிற சாட்டில் ராக்காயி வேலியருகே போனாள்.

"மனேச்சர் ஐயா வீட்டுக்கு ஓடு புள்ள. தங்கச்சியக் கொக்கிளாய்க்குப் போகச் சொல்லு. ஐயாவ என் பத்திரத்தக் கொண்டாரச் சொல்லு."

"ஓடுறன். உன்ர தங்கச்சி அந்தக் குசினிய விட்டு வெளிக்கிட்டால்தானே. இப்ப இரவிலயும் அங்க அடுப்பு எரியுதாமே."

"இந்த நேரத்தில இந்தக் கத தேவையா?"

"கதை ஒண்டும் இல்லை. நீ போ, நான் பாக்கிறன்."

பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். மறுநாள் விடிய லொறி வரும், மத்தியானக் கப்பலுக்கு எல்லோரையும் ஏற்றுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சட்டிபானை மூட்டையோடு இருந்த மீனம்மா என்பவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எந்தத் தோட்டம்?"

"பதுளைப் பக்கம்."

"நாங்க அட்டன் பக்கம். அம்மியையும் தூக்கிட்டு வரவான்னு கேட்டேன். பொலிஸ்காரன் சிரிக்கிறான். அங்க போய் எதில அரைக்கிறதாம்?"

ராக்காயி குரலைத் தாழ்த்தினாள். "நான் கப்பலுக்கு இல்லக்கா. நான் பிரஜை. தங்கச்சிக்காகத் தலையாட்டிட்டு வந்திருக்கேன். பின்னேரம் போயிருவேன்."

"பத்திரம் எங்க?"

"மனேச்சர் ஐயா வீட்டு அலுமாரியில. எங்க குடிசையில கறையான் ஒரு ராத்திரியில பாயையே தின்னுரும். எங்க ஆளுக எல்லாரும் அங்கதான் குடுத்து வச்சிருக்கோம்."

மீனம்மா மூட்டையைக் கட்டியணைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப அலுமாரிக்குள்ள இருக்கிறதுதான் பிரஜை. நீங்க இங்கல்ல இருக்கீங்க."

ராக்காயிக்குச் சிரிப்பு வந்தது. உண்மையிலேயே அவள் பயப்படவில்லை. மனேச்சரை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள். வந்த புதிதில் கூரை வேயக் கிடுகு கொடுத்தவர். காய்ச்சல் வந்தபோது தன் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர்.

பதினொரு மணிபோல அவருடைய சைக்கிள் வாசலில் நின்றது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு ஃபைல். அந்த ஃபைலைக் கண்டதும், பத்திரம் வந்துவிட்டது என்று ராக்காயி வாங்கை விட்டு எழுந்தேவிட்டாள்.

"இரு, இரு. நான் கதைக்கிறன்" என்றார் தங்கராசா.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரன் வழக்கொன்றுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தான். அதனால் மனேச்சரே மொழிபெயர்ப்பாளர். மேசைக்கு முன்னால் கதிரை போட்டு அவரை இருத்தினார்கள். ராக்காயி பக்கத்தில் நின்றாள்.

"நான் ராக்காயின்னு சொல்லுங்க ஐயா. தங்கச்சிக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. அடிச்சாலும் பரவாயில்ல."

"எல்லாம் சொல்லுறன். நீ பேசாமல் நில்."

தங்கராசா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். கடை விஷயமாக அடிக்கடி கொழும்புக்குப் போய்வருகிறவர். சிங்களம் சரளமாக வந்தது.

"ஐயா, இந்தப் பெண்களை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். இவள்தான் வடிவம்மா. புருசன் இந்தியாவில் இருக்கிறான். அக்காள் ராக்காயி பிரஜை. என் வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய பத்திரம் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது."

ராக்காயிக்கு அந்த ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அது மனேச்சருக்குத் தெரியாது. குடியேற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்து லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். ஆற்றில் குளிக்கும்போதும், பலாக்காய்க்கு மிளகாய் மாற்றும்போதும் அக்காளும் தங்கச்சியும் பேசிப் பழகிய பாஷை அது. கலவரத்தன்று அந்தக் கிராமத்துக்காரர்களையே பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் பாஷையிலேயே கெஞ்சினார்கள். லயம் எரிந்தது. வவுனியாவுக்கு வரும் லொறியில் இருவரும் ஒருத்தி தலையில் மற்றவள் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள், இனி இந்தப் பாஷை நம் வாயில் வராது என்று. ஐந்து வருடம் வரவில்லை.

"தான் வேறு ஆள் என்கிறாளா இவள்?" இன்ஸ்பெக்டர் சலிப்போடு கேட்டார்.

"எல்லோரும் கடைசி நேரத்தில் அப்படித்தான் சொல்வார்கள், ஐயா. பாவம், பயம்."

தங்கராசா ராக்காயியைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கண்ட அதே புன்னகை.

"ஒண்டுக்கும் யோசியாதை. சொல்லிப்போட்டன். இண்டைக்கு இரவு மட்டும் இஞ்ச இரு, நாளைக்கு விடிய விட்டிடுவினம். இந்தக் கடதாசியில ஒரு கையெழுத்து வைக்க வேணுமாம்."

நாளைக்கு விடியத்தான் லொறி வருகிறது.

அவர் நீட்டிய பேனையை ராக்காயி வாங்கவில்லை. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தபோது முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, துருப்பிடித்த கதவு மாதிரி, ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த சிங்களம் வந்தது.

"மாத்தயா, இவர் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது. நான் கேட்டதை இவர் சொல்லவில்லை."

தங்கராசாவின் முகத்தில் இருந்த புன்னகை, போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"காலையில் நீதானே வடிவம்மா என்று தலையாட்டினாய்?"

"ஆட்டினேன், மாத்தயா. தங்கச்சியைக் காப்பாற்ற ஆட்டினேன். நான் ராக்காயி. என் புருசன் சுடலைமுத்து. அவன் செத்து ஆறு வருடம். பாருங்கள், என் கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. என் தங்கச்சி, தன் புருசன் வருவான் என்று ஒருநாள் தவறாமல் பொட்டு வைக்கிறவள்."

"அந்தத் தங்கச்சி எங்கே?"

"போய்விட்டாள். எங்கே என்று சொல்ல மாட்டேன். இவர் வீட்டில் ஒருவரும் இல்லை. அலுமாரியில் என் பத்திரம் மட்டும்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பாருங்கள்."

"ஐயா, இவள் சொல்வதை..." என்று தங்கராசா தொடங்கினார்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். கெட்ட மனிதர் அல்ல. தன்னை யாரும் ஏமாற்றுவதுதான் அவருக்குப் பிடிக்காது. "இரண்டு பேரில் ஒருவர் என்னை முட்டாள் ஆக்கப் பார்க்கிறீர்கள். ஜீப்பில் ஏறுங்கள்."

வாங்கைத் தாண்டிப் போகும்போது மீனம்மா, "என்னம்மா, விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பத்திரம் எடுக்கப் போறோம்" என்றாள் ராக்காயி.

ஜீப்பின் பின்பக்கம் அவளும், முன்பக்கம் இன்ஸ்பெக்டருக்கும் டிரைவருக்கும் நடுவில் மனேச்சரும். அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏன் இப்படிச் செய்தார்? வடிவம்மா கப்பலேறினால் சமைக்க ஆள் இல்லாமல் போய்விடும் என்றா? அன்னபாக்கியம் சொன்ன இரவு அடுப்புக் கதை இப்போதுதான் காதில் நன்றாக விழுந்தது. சீ, இந்த ஆளுக்கு அப்படியொரு ஆசை இருந்திருக்கிறது. தங்கச்சி பாவம், ஒன்றும் அறியாமல் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறாள். நல்லவேளை, இந்நேரம் பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டியிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கொக்கிளாய்க்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சத்தியத்தை மீறியதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. யாரும் இல்லாத வீட்டுக்குப் போகிற மனேச்சர் ஏன் வியர்க்காமல் இருக்கிறார்?

ஜீப் ஓட்டு வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்து கிடந்தது. குசினியிலிருந்து குழம்பு கொதிக்கும் மணம் வந்தது.

வடிவம்மா உள்ளிருந்து வந்தாள்.

ராக்காயிக்கு அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. வெளிறிய வெள்ளைச் சேலை. மஞ்சள் கயிறு கிடந்த கழுத்து வெறுமையாக இருந்தது. பொட்டு இருந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் தோல் சிவந்திருந்தது.

ஐயோ, சங்கிலி செத்துப்போன செய்தி வந்துவிட்டது என்றுதான் ராக்காயி நினைத்தாள். தன் வழக்கெல்லாம் மறந்து ஜீப்பை விட்டுக் குதித்தாள். தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழ இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள்.

வடிவம்மா ஓரடி பின்னால் வைத்தாள். அவள் கையில் மடிப்புக் குலையாமல் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது.

"அன்னபாக்கியம் வந்து சொல்லலியா?" ராக்காயி நீட்டிய கையை இறக்காமல் கேட்டாள். "ஏன் புள்ள இன்னும் போகல?"

தங்கச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நாடி, இரண்டு வெறும் நெற்றிகள். "யார் நீ?" என்று வடிவம்மாவிடம் கேட்டார். தங்கராசா மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்கு அவசியம் இருக்கவில்லை. வடிவம்மா பத்திரத்தை நீட்டியபடி நேராகச் சிங்களத்திலேயே சொன்னாள்:

"நான் சுடலைமுத்துவின் மனைவி ராக்காயி, மாத்தயா. இவள் என் தங்கச்சி. புருசன் அங்கே காத்துக்கொண்டிருக்கிறான், அனுப்பிவையுங்கள்."