சலவைக்கடைக்கு எந்தப் பக்கம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் முரண்டு பிடிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. அதைவிட அத்துப்படி, அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பீட்சா எங்கே நன்றாக இருக்கும் என்பது. அவன் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அவனுக்கு ஏதோ ஒரு கடைக்கு வழி சொன்னவர்கள்தான். நான் சொன்ன கடைக்குப் போனார், போய்விட்டு வந்து மறக்காமல் என்னிடம் சொன்னார் என்று ஒவ்வொருவரும் பட்டம் வாங்கியது போலச் சொன்னார்கள்.

எனக்கு அந்தத் தின்பண்டத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் சூடான அட்டைப்பெட்டியோடு வந்து நிற்பான். இதில் உப்பு கூட, அதில் அடி கருகல், இன்னொன்று ரப்பர் மாதிரி இழுக்கிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே கடைசித் துண்டுவரை நான்தான் தின்று தீர்ப்பேன். உன் வாயால் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு என்பான். வாங்கிப் பார் என்பேன்.

ஒருநாள் என்னைப் பல் மருத்துவரிடம் கூட்டிப் போகும் வழியில் அவனுக்கு அழைப்பு வந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அந்தப் பெண் உள்ளேயிருந்து கதவைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தாள். வெளியே அவள் கணவன், பயப்படாதே பயப்படாதே என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் கத்தக் கத்த அவள் அழுகை ஏறியது.

தம்பி பையை இறக்கினான். கதவு இடுக்கில் வாயை வைத்து, "மேடம், இந்தப் பக்கம் நல்ல பீட்சா எங்க கிடைக்கும்?" என்று கேட்டான்.

வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்பது என்றால் இதுதான். அந்தக் கணவன் பார்த்த பார்வையில் எனக்குப் பல்வலியே மறந்துவிட்டது. உள்ளே சத்தம் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சும் ஓசை. மெலிசாக வேண்டுமா தடியாக வேண்டுமா என்று கேட்டாள். மெலிசாக என்றான் தம்பி, கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க. சிக்னல் தாண்டிப் பெரிய போர்டு வைத்த கடைக்குப் போகாதீர்கள், அது வெறும் பகட்டு, அதற்குப் பின்னால் சந்தில் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தாள். எந்த மேஜையில் காற்று வரும் என்பதுவரை வந்தபோது கதவு திறந்துவிட்டது. வெளியே வந்தவள் கணவனைக்கூடப் பார்க்கவில்லை. சீக்கிரம் போய்விடுங்கள், இருட்டினால் இடம் கிடைக்காது என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள்.

வண்டியில் வரும்போது பிடிபிடியென்று பிடித்தேன். நேரம் காலம் தெரியாத ஜென்மம் என்றேன். அவன் சிரித்தான்.

"பயந்தவங்களுக்கு ஆறுதல் சொன்னா பயம் இன்னும் ஜாஸ்தியாகும்க்கா. அவங்ககிட்டருந்து எதையாவது கேட்டு வாங்கிக்கணும். குடுக்கறப்ப கை நடுங்காது."

"அதுக்குப் பீட்சாதான் கிடைச்சுதா?"

"சாப்பிட எங்க போகலாம்னு கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. அதோட எனக்குப் பீட்சா பிடிக்கும்."

கேட்ட கடைக்கு அவன் போகாமல் இருந்ததில்லை. கேட்டுவிட்டுப் போகாவிட்டால் அது ஏமாற்று என்பான். சுமாரான கடையாக இருந்தாலும் சொன்னவரிடம் போய், உங்களால் நல்லாச் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வருவான். அந்தச் சுமாரானவை எல்லாம்தான் என் தலையில் விடியும்.

பிறகு அவன் வயிற்றில் கட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி மட்டும் நிற்கவில்லை. திறந்து வாசனை பிடித்துவிட்டு என் பக்கம் தள்ளுவான். நான் குறை சொல்வதைக் கேட்க ஆசையாக உட்கார்ந்திருப்பான். ஒரே துண்டை வெகுநேரம் மென்றுகொண்டிருப்பேன். ஆனாலும் உப்பு கூட என்று சொல்வேன். ஆபரேஷன் செய்தாலும் பாதிக்குப் பாதிதான் என்று மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் அவனிடம் சொல்லவில்லை. என் முகம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று காலை அவனைத் தள்ளுகட்டிலில் கிடத்தி லிஃப்ட்வரை கொண்டுவந்தார்கள். ஸ்கேன் படங்கள் இருந்த உறையோடு நான் பக்கத்திலேயே நடந்தேன். ஆபரேஷன் அறை மேல்மாடியில். நீங்க இங்கயே இருங்கம்மா என்றார் வார்டு ஊழியர். லிஃப்ட் கதவு திறந்த சத்தத்தைக் கேட்டதும் தம்பி, கதவு உருளை தேய்ந்திருக்கிறது, சொல்லி மாற்றுங்கள் என்றான் அவரிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மறுநிமிடம் கை நடுங்க ஆரம்பித்தது. உறை படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இந்தப் பக்கம் நல்ல பீட்சா எங்க கிடைக்கும்?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சாகக் கிடப்பவன் அவன், பயந்து நிற்பவள் நான் என்று கண்டுபிடித்துவிட்டான். கதவு மூட ஆரம்பித்தது.

"சலவைக்கடை பக்கத்துல ஒண்ணு இருக்குடா" என்றேன்.

மூடிக்கொண்டது. நான் இடுக்கில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சின்னக் கடை, வெளியே பச்சை பெஞ்சு போட்டிருக்கும், ஓரம் கொஞ்சம் கருகலாக இருக்கும். "ஆனா நல்லா இருக்கும்டா. ரொம்ப நல்லா இருக்கும்." லிஃப்ட் எப்போதோ மேலே போயிருந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊழியர் மட்டும் இறங்கி வந்தார். படங்களை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அதற்காக வந்தார். உறையை வாங்காமல் ஒரு கணம் தயங்கினார்.

"சலவைக்கடைக்கு இடது பக்கமா வலது பக்கமானு கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா."

தன் முதல் சம்பளம் வாங்கிய அன்று என்னை அந்தக் கடைக்குக் கூட்டிப் போனவனே அவன்தான். அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாக, அடி கருகல் என்று சொன்னேன்.

"இடது பக்கம்னு சொல்லுங்க" என்றேன். "வாசல்ல ஒரு படி இருக்கு. பார்த்து ஏறச் சொல்லுங்க."

உறையைக் கொடுத்தபோது என் கை நடுங்கவில்லை. அவனுக்கு நான் கடைசியாகச் சொல்லி அனுப்பியது அதுதான்.