மிதக்கும் நத்தையும் என் தம்பியின் வேட்டியும்

என் தம்பி ரகுபதிக்கு உட்காருவதற்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்காது. காலடிப்பேட்டையில் ஒரு கல்யாணம். புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பியவன், போன் பேசுகிறேன் பேர்வழி என்று திருவொற்றியூர் கடற்கரையில், பாறைக் கற்களுக்கு நடுவே இருக்கும் துண்டு மணலில் போய் உட்கார்ந்தான். எழுந்தபோது பின்பக்கம் முழுவதும் ஊதா.

“அக்கா! எனக்கு இன்னாவோ ஆயிடுச்சுக்கா!” என்று இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான்.

“கத்தாதடா. திரும்பு.”

நாவல்பழக் கூடையில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தான். வேறு அக்காவாக இருந்தால் பதறியிருப்பாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏனென்றால், எங்கள் குப்பத்துக்கு வடக்கே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதன் குழாய் கடலுக்குள் போகிறது. கரையோரம் பிடிக்கிற மீனெல்லாம் மருந்து வாடை. மார்க்கெட்டில் கூடையை இறக்கினால் ஆட்கள் மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். அந்தக் கூடை விற்றால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். குப்பத்துப் பெண்கள் சங்கத்துக்கு நான்தான் தலைவி. மனுக் கொடுத்துக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். “எங்க குழாய்ல வர்றது சுத்தமான தண்ணி, பச்சக் கொழந்தைக்கே குடுக்கலாம்” என்று சாதிப்பார் மேனேஜர். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, “ஆதாரம் கொண்டு வாங்கம்மா நீலா” என்பார்.

இதோ, ஆதாரம் தானாக நடந்து வந்து நிற்கிறது.

“அவுருடா வேட்டிய.”

“அக்கா, கல்யாணத்துக்குப் போவணும்...”

“உனக்கா கல்யாணம்? அவுருடான்றேன்!”

கொஞ்ச நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் மறியல். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துத் தள்ளின. மூங்கிலில் கட்டிய ஊதா வேட்டியைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு ரகுபதி அரை டிராயரோடு நடுரோட்டில் நின்றான். அதிகாரி வந்தார், மேனேஜர் வந்தார், டிவிக்காரர்களும் வந்துவிட்டார்கள். எனக்கு வந்த தெம்பில் அன்றைக்கு முதலமைச்சரையே எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அப்போது பார்த்துக் காலேஜில் விலங்கியல் படிக்கிற என் மகள் மோகனப்ரியா, ஒரு பிளாஸ்டிக் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என் காதைக் கடித்தாள். “மா, இது ஃபேக்டரி இல்ல. நத்த.”

“இன்னாது?”

ஜக்குக்குள் ஊதா ஓடுகள். ஒவ்வொன்றின் வாயிலும் சோப்பு நுரை மாதிரி ஒரு கொத்து.

“நடுக்கடல்ல மிதக்கிற நத்த மா. இதோட முப்பாட்டனுங்க அடிமண்ணுல ஊர்ந்துகினு இருந்ததுங்களாம். முட்டைய சுத்தி வைக்கிற பசையில எப்பவோ காத்து மாட்டிகினு, மேல வந்துடுச்சுங்க. இப்ப நுரையில தெப்பம் கட்டிகினு தலைகீழா தொங்குது. நீந்தத் தெரியாது. காத்து தள்ற பக்கம் போவும். எந்தெந்தக் கடல் வெதுவெதுன்னு கீதோ அங்கெல்லாம் இதுவும் கீது. நேத்து அடிச்ச காத்துல நம்ம கரைக்கு வந்துடுச்சு. நசுக்கினா ஊதா சாறு வரும்.”

“ஒரு வேலயும் செய்யாம, தலைகீழா தொங்கிகினே ஒலகத்த சுத்துதா? உன் மாமனுக்கு சொந்தமாடி இது?”

வாய்தான் கிண்டல் பேசியது, மனசு கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு ஜெயிக்கலாம். நாளைக்குப் பரிசோதனையில் நத்தை என்று தெரிந்தால் எங்கள் பேச்சை நாய்கூட மதிக்காது. மருந்து வாடை காலத்துக்கும் மீனிலேயே இருந்துவிடும். பாழாய்ப்போன நத்தை, வேறு கரையே கிடைக்கவில்லையா அதற்கு?

ஜக்கை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனேன். “சார், தப்பு எங்க மேல. இந்தக் கலரு ஃபேக்டரி தண்ணி இல்ல, நத்த” என்று ஒன்றை நசுக்கி உள்ளங்கையைக் காட்டினேன். அவமானத்தில் முகம் எரிந்தது.

லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அப்ப என் வேட்டிக்கு யாருக்கா பொறுப்பு?” என்று முனகியபடி ரகுபதி கொடியை இறக்க ஆரம்பித்தான்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவுக்கு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களா சார்? எத்தன வருஷமா எங்க மேல பழி போடறாங்க! ஊதாவாம், ஊதா! எங்க குழாய்ல ஊதா எப்படி சார் வரும்? நாங்க விடறது மஞ்சள் சார்! சுத்த மஞ்சள்! ராத்திரி வந்து நீங்களே பாருங்க!”

டிவிக்காரர் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினார்.

அதிகாரி கையிலிருந்த டீ டம்ளரை மெதுவாக ஜீப்பின் மேல் வைத்தார். “என்ன மஞ்சள்?” என்று கேட்டார்.

மேனேஜர் கேமராவைக் கையால் மறைத்தார்.

ரகுபதி மூங்கிலிலிருந்து வேட்டியைப் பாதி அவிழ்த்திருந்தான்.

“டேய்,” என்றேன், “அத்த மறுபடியும் மேல கட்டுடா.”